பூச்சியம் எங்கே விழுந்தது?

சில வருடங்களுக்கு முன், ஒரு நோன்பு மாதம். மச்சானின் கடையில் ஸகாத் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடன்களைக் கழித்த பின் சரக்கும் கையிருப்பும் 32 இலட்சம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த மகன் போனில் தட்டிப் பார்த்து, "வாப்பா, எட்டாயிரம்" என்றார். மச்சானும் கொப்பியில் எழுதிவிட்டார்.

மூலையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த மாமாதான் தலையை நிமிர்த்தினார். "எட்டாயிரமா? லட்சத்துக்கு ரெண்டாயிரத்தி ஐநூறு எண்டா, முப்பத்திரண்டு லட்சத்துக்கு எண்பதாயிரம் வரணுமே!"

போனை வாங்கிப் பார்த்தால் 320000 என்று கிடக்கிறது. ஒரு பூச்சியம் விடுபட்டிருந்தது.

மாமா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இதைச் சொன்னால், "பார்த்தீங்களா, படிப்பில ஒண்டும் இல்ல" என்று சிலர் முடித்துவிடுவார்கள். அப்படியில்லை. நாற்பதில் ஒன்றை மனதால் பிடிக்கும் பழக்கத்தை அவருக்குக் கொடுத்ததே அந்த ஐந்து வருடப் பள்ளிக்கூடமும் பிரம்போடு நின்ற வாத்தியாரும்தான். பிரம்பை நான் நியாயப்படுத்தவில்லை, வாய்ப்பாட்டைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் சாதாரண தரக் கணித வினாத்தாளுக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக விடுவதில்லை. மடக்கை அட்டவணைதான். "இந்தக் காலத்திலுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த அட்டவணையில் ஒரு விசயம் இருக்கிறது. 32க்கும் 320க்கும் 32 இலட்சத்துக்கும் அது தருவது ஒரே தசமப் பகுதிதான்: 0.5051. முன்னால் வரவேண்டிய முழுவெண்ணை, அதாவது எண் எவ்வளவு பெரியது என்பதை, பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். 32 இலட்சத்துக்கு 6, 3 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு 5. பூச்சியத்துக்குப் பொறுப்பு பிள்ளையுடையது. போன் அந்தப் பொறுப்பைக் கேட்பதேயில்லை. தட்டியதற்கு விடை தரும், தட்டியது சரியா என்று அதற்குத் தெரியாது.

கருவிக்கு எதிராக நான் எழுதவில்லை. அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியபோது அச்சு இயந்திரம்தான் அவருடைய கருவி. பத்திரிகை வந்துவிட்டது, இனி வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பத்திரிகையிலேயே பள்ளிக்கூடம் வேண்டும் என்று எழுதினார். 1892இல் மருதானையில் உருவாகிப் பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையின் பின்னால் அவரும், வாப்பிச்சி மரிக்காரும், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கு வந்த ஒறாபி பாஷாவும் நின்றார்கள்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது கருவி மட்டும் மிஞ்சினால் எப்படியிருக்கும் என்று பார்த்துவிட்டோம். ஒரு போன், மூன்று பிள்ளைகள், டேட்டா முடிந்தால் பாடமும் முடிந்தது. அதைவிடப் பெரிய குறை, பிள்ளையின் பென்சில் எந்த இடத்தில் நின்றது என்று ஆசிரியரால் பார்க்க முடியாமல் போனதுதான்.

அன்று கடையில் மாமா விடவில்லை. "உன்ட அட்டவணைய எடு மகன், அதால செஞ்சு காட்டு" என்றார். பேரன் 6.5051 இலிருந்து 40இன் மடக்கை 1.6021ஐக் கழித்தார். 4.9030. அட்டவணையில் தேடியபோது எண்பதாயிரத்துக்குச் சில ரூபாய் குறைவாக வந்தது. நான்கு தசமதானத்தோடு வெட்டிய அட்டவணை அவ்வளவுதான் தரும் என்று அவரே விளக்கினார்.

மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது சரி, அந்த மிச்சச் சல்லியையும் சேர்த்தே குடுங்க" என்றார்.