பிள்ளைகளை மீட்ட பெற்றோர்கள்

ஐரோப்பாவின் வடமேற்கே, கடலின் நடுவில், ஐஸ்லாந்து என்று ஒரு சிறு தேசம் இருக்கிறது. அதன் ஜனத்தொகை நாலு லட்சத்துக்கும் குறைவு. நம் மதுரை நகரத்து ஜனங்களில் பாதிகூடத் தேறாது. நடுக் குளிர்காலத்தில் அங்கே பகல் நாலைந்து மணி நேரந்தான், மற்றதெல்லாம் இரவு. அந்த நீண்ட இரவுகளில் தங்கள் குழந்தைகள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று அத்தேசத்துப் பெற்றோர்கள் ஒரு சமயம் விசாரிக்கத் தொடங்கினார்கள். அதனால் விளைந்த நன்மை நம் வீட்டுத் தாய் தந்தையரும் அறிய வேண்டியதாகும்.

1990-க்குப் பிற்பட்ட வருஷங்களில், வெள்ளிக்கிழமை இரவென்றால் தலைநகரமாகிய ரெய்க்யவிக்கின் வீதிகளில் சிறுவர் சிறுமியர் குடித்துத் தள்ளாடிக் கொண்டிருப்பார்கள். 1998-இல் பள்ளிகளில் எடுத்த கணக்கின்படி, 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்துக்குள் போதை தலைக்கேறும்படி குடித்திருந்தார்கள். 20 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கலாகாது என்று சட்டம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் குடியின் தீமையைப் பற்றி உபதேசமும் நடந்தது. பிள்ளைகள் உபதேசத்தையும் கேட்டார்கள், குடிக்கவும் குடித்தார்கள்.

இளவயதுக் குடி சாதாரண விளையாட்டன்று. மனிதனின் மூளை ஏறக்குறைய 25 வயது வரையில் வளர்ந்து பக்குவப்படுகிறது. 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்குகிறவர்கள் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகும் அபாயம், 21 வயதுக்குப் பிறகு தொடங்குகிறவர்களுக்கு உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம்.

எந்தப் பிள்ளைகள் குடிக்கவில்லை என்பதை அத்தேசத்து அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். பெற்றோருடன் அதிக நேரம் கழிப்பவர்கள், வாரத்தில் மூன்று நாலு நாள் விளையாட்டிலோ சங்கீதத்திலோ ஈடுபடுகிறவர்கள், இரவில் வெளியே திரியாதவர்கள் ஆகியோரே பெரும்பாலும் தப்பியிருந்தார்கள். இந்த விவரங்களை அந்தந்தப் பள்ளியின் பெற்றோருக்கே எடுத்துச் சொன்னார்கள். "எங்கோ யார் பிள்ளையோ குடிக்கிறது" என்று எண்ணியிருந்தவர்கள், தம் தெருவின் கணக்கைக் கண்டதும் விழித்துக் கொண்டார்கள்.

பெற்றோர்கள் கூடி உடன்படிக்கை செய்து கொண்டார்கள். குழந்தைகளுக்கு மது வாங்கிக் கொடுப்பதில்லை. பெரியவர்கள் இல்லாத விருந்துக்கு அனுப்புவதில்லை. அயல்வீட்டுப் பிள்ளையையும் தம் பிள்ளையைப் போல் கவனிப்பது. குளிர்காலத்தில் 12 வயது வரையுள்ளவர்கள் இரவு 8 மணிக்குமேலும், 13 முதல் 16 வயது வரையுள்ளவர்கள் 10 மணிக்குமேலும் துணையின்றி வெளியே திரியலாகாது என்ற விதியைக் கண்டிப்பாக அனுசரித்தார்கள். வார இறுதி இரவுகளில் தாய்மாரும் தகப்பன்மாரும் குழுவாக வீதிவலம் வந்தார்கள். நகரசபையோ ஒவ்வொரு பிள்ளைக்கும் விளையாட்டு, சங்கீதம் முதலியவை பயில ஆண்டுதோறும் பண உதவி அளிக்கலாயிற்று.

பலன் என்ன? 42 என்றிருந்த எண் 2016-இல் 5 ஆகக் குறைந்தது. பெற்றோருடன் அடிக்கடி நேரம் கழிக்கும் பிள்ளைகளின் தொகையோ 1997-க்கும் 2012-க்கும் இடையில் இரு மடங்காயிற்று.

தமிழ்நாட்டுக்கு மதுவிலக்கு புதிய விஷயமன்று. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் அதைத் தொடங்கியது. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. இன்று கடைகள் இருக்கின்றன; 21 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கலாகாது என்ற விதியும் இருக்கிறது. ஆனால் விதி மட்டும் பிள்ளையின் கையைப் பிடித்துத் தடுக்குமா?

கடையைத் திறப்பதும் மூடுவதும் சர்க்காரின் பொறுப்பு. மாலையில் மகன் எங்கே இருக்கிறான் என்று அறிவது நம் பொறுப்பு. அவனுடைய சிநேகிதர்களின் தாய் தந்தையரை நாம் அறிவோமா? கல்யாண வீட்டின் கொல்லைப்புறத்தில் "ஒரு வாய்தானே" என்று மாமன்மார் நீட்டும்போது தடுக்கிறோமா? தெருவில் நாலு வீட்டார் கூடி இவ்விஷயத்தைப் பேசத் தொடங்கினால் அதுவே நல்ல ஆரம்பம். அதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.