புது இன்ஜினுக்கு எந்த ஆயில்? பதில் கையேட்டில், பாதுகாப்பு பில்லில்

புது பைக் வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. "முதல் சர்வீஸிலேயே ஃபுல்லி சிந்தெடிக் ஊத்திடு, வண்டி வழுக்கிக்கிட்டு ஓடும்" என்பார் நண்பர். "புது இன்ஜினுக்குப் போய் சிந்தெடிக்கா? ரிங் உட்காராது, வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிச்சிடும்" என்பார் தெருமுனை மெக்கானிக். இருவரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நாளைக்கு இன்ஜின் ஜாம் ஆகி, "தப்பான ஆயில் ஊத்தியிருக்கீங்க, வாரன்ட்டி கிடையாது" என்று சர்வீஸ் சென்டர் கைவிரித்தால், செலவு முழுக்க வண்டிக்காரர் தலையில் விழும். தவணை கட்டி வண்டி வாங்கி, அதை ஓட்டித்தான் அன்றாடப் பிழைப்பு என்றிருப்பவருக்கு அது பெரிய அடி.

முதலில் இந்த ‘ரிங் உட்காருவது’ என்ன என்று பார்ப்போம். சிலிண்டரின் உட்சுவர் கண்ணுக்கு வழவழவென்று தெரிந்தாலும், அதில் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கோடுகள் இருக்கும். ஹோனிங் என்னும் வேலையில் வேண்டுமென்றே கீறப்பட்டவை அவை. கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேடுகளில் பிஸ்டன் ரிங் உரசி உரசி, சுவரும் ரிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். அப்படிப் பொருந்தினால்தான் எரியும் வாயு கீழே கசியாது, கீழே இருக்கும் ஆயில் மேலே ஏறி எரியாது. பொருந்தாத இன்ஜின் புகை விடும், இழுவை குறையும், சர்வீஸுக்கு முன்பே ஆயில் அளவு இறங்கும்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவதில் பெரும்பங்கு எரியும் வாயுவுக்குத்தான். அது ரிங்கின் பின்னால் புகுந்து வெளியே தள்ளுகிறது. அதனால் புது வண்டியை விரட்டுவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு அதை வீட்டு வாசலில் அரை மணி நேரம் சும்மா உறும விடுவதும், நான்கு வழிச்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுவதும். தொடக்கத்தில் 500 முதல் 1000 கிலோமீட்டர் வரை வேகத்தை ஏற்றி இறக்கி, கியரை மாற்றி மாற்றி, மிதமான பளுவோடு ஓட்டுவதே சரி. ரிங் உட்காருவதில் ஆயிலின் பெயரைவிட ஓட்டும் முறைக்கே பங்கு அதிகம்.

அப்படியானால் மினரலா, சிந்தெடிக்கா என்ற சண்டை எங்கிருந்து வந்தது? பழைய இன்ஜின்களில் சிலிண்டர் சுவர் இன்றுள்ள அளவு நேர்த்தியாக முடிக்கப்படவில்லை. ரிங் பொருந்தப் பல நூறு கிலோமீட்டர் ஆகும். அப்போது "சிந்தெடிக் அதிக வழுக்கல், தேய்மானமே நடக்கவிடாது" என்ற எண்ணம் பட்டறைகளில் வேரூன்றியது. இன்று தொழிற்சாலையிலேயே மேடுகளைத் தட்டையாக்கி அனுப்புகிறார்கள். ரிங் பொருந்தும் வேலையில் பெரும்பகுதி இன்ஜின் ஓடும் முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஒரே தடிமன் கொண்ட மினரல் ஆயிலையும் சிந்தெடிக்கையும் பக்கத்தில் வைத்தால், இரண்டாவது மட்டும் ரிங்கை உட்காரவிடாத அளவுக்கு வழுக்கும் என்பதற்கு அடிப்படை இல்லை. அமெரிக்காவின் செவ்ரோலெட் கார்வெட் கார் 1992 முதல் சிந்தெடிக் ஆயில் நிரப்பப்பட்டே தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறது. அந்தக் கார்களின் ரிங்குகளும் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தன. நம் ஊரில் பல 100 சிசி, 125 சிசி வண்டிகள் மினரல் ஆயிலிலேயே பல்லாண்டு ஓடுகின்றன. அவற்றுக்கும் குறை ஒன்றுமில்லை.

எனவே என் கருத்து இது. புது வண்டிக்குக் கையேடு எந்த ஆயிலைச் சொல்கிறதோ அதுதான். இரண்டு வகையும் ஊற்றலாம் என்று கையேடு அனுமதித்தால், முதல் சர்வீஸில் விலை உயர்ந்த சிந்தெடிக் வீண் செலவு. நீண்ட நாள் தாங்குவதற்காகத்தான் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். தொடக்க சர்வீஸ்களிலோ உலோகத் துகள் கலந்த ஆயிலைச் சீக்கிரமே வடித்துக் கொட்டப்போகிறோம். பிறகு மாறிக்கொள்ளலாம், கெடுதல் இல்லை.

சிலிண்டரைக் குடைந்து (போர் போட்டு), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்றிய பழைய இன்ஜின் வேறு கதை. அங்கே ஹோனிங் செய்தது உள்ளூர் லேத் பட்டறை. சுவர் எவ்வளவு சொரசொரப்பு என்று அளந்து பார்த்தவர் பெரும்பாலும் இல்லை. துகளும் அதிகம் உதிரும். அங்கே குறித்த கிரேடில் மினரல் ஆயில் ஊற்றி, சில நூறு கிலோமீட்டரில் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றச் சொல்லும் மெக்கானிக்கின் பேச்சைக் கேட்பதே புத்திசாலித்தனம். வேலைக்கு எத்தனை மாதப் பொறுப்பு என்பதை மட்டும் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு பின்னால் ஒன்றும் செய்ய முடியாது.

மினரல், சிந்தெடிக் என்ற பேச்சில் மறைந்துபோகும் உண்மையான ஆபத்து தவறான கிரேடு. கேனில் மூன்று குறிகளைப் பாருங்கள். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்பது தடிமன். ஏபிஐ என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எஸ்எல், எஸ்என் போன்றவை தரநிலை. மூன்றாவது, கிளட்சுக்குப் பொருந்துமா என்று காட்டும் ஜாசோ குறி. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தகடுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பதால் அவற்றுக்கு எம்ஏ அல்லது எம்ஏ2 வேண்டும். ஸ்கூட்டருக்கான எம்பி ஆயிலையோ, உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயிலையோ பைக்கில் ஊற்றினால் கிளட்ச் நழுவும். ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கார் ஆயில் மீதி இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றுவது இப்படித்தான் முடியும்.

போலி ஆயில் இன்னொரு பக்கம். பழைய ஆயிலை வடிகட்டி, நிறமேற்றி, பெயர்பெற்ற நிறுவனத்தின் காலி கேனில் அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சீல் உடையாத கேனை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் காலி கேனை வாங்கி ஓட்டை போட்டுவிடுங்கள். பல ஸ்கூட்டர்களுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே ஆயில் பிடிக்கும். ஒரு லிட்டருக்குக் காசு கொடுத்திருந்தால் மீதியும் உங்களுடையதுதான், கேட்டு வாங்குங்கள். அதிகபட்ச சில்லறை விலை, நிகர அளவு, தயாரித்த மாதம், ஆண்டு, தயாரிப்பாளர் முகவரி ஆகியவை கேனில் இருப்பது கட்டாயம். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் தமிழகத்தில் தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிகளிடம் புகார் செய்யலாம். போலி வணிகக்குறியோடு பொருள் விற்பது வணிகக்குறிச் சட்டம் 1999-இன்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

சர்வீஸ் சென்டரில் ‘இலவச சர்வீஸ்’ என்றால் பொதுவாகக் கூலி மட்டுமே இலவசம், ஆயிலுக்குப் பணம் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் கேட்காத இன்ஜின் கோட்டிங், ஃப்ளஷ், சேர்க்கைத் திரவம் ஆகியவற்றை ஜாப் கார்டில் எழுதிவிடுவதை ஏற்க வேண்டியதில்லை. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று கட்டாயப்படுத்துவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 கட்டுப்பாட்டு வணிக நடைமுறை என்கிறது. கையெழுத்துப் போடுமுன் ஜாப் கார்டைப் படியுங்கள். பில்லில் ஆயிலின் கிரேடும், அளவும், வண்டி ஓடிய கிலோமீட்டரும் இருக்க வேண்டும். வெறுமனே ‘ஆயில்’ என்று இருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

வாரன்ட்டியில் பலர் தடுக்கி விழுவது நாள் கணக்கில். சர்வீஸ் கெடு கிலோமீட்டரிலும் நாளிலும் சொல்லப்பட்டிருக்கும், எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. வண்டியைக் குறைவாக ஓட்டும் பெரியவர்களும் மாணவர்களும் நாளைத் தவறவிட்டு உரிமையை இழக்கிறார்கள். வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரன்ட்டி முழுவதும் போய்விடுமா? கார் நிறுவனங்கள் தொடர்பான வழக்கில் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், அப்படி ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குச் சென்றது, அது பைக் பற்றியதும் அல்ல. ஆகவே வாரன்ட்டி காலம் முடியும்வரை அங்கீகரிக்கப்பட்ட சென்டரை விடாதிருப்பதே பாதுகாப்பு.

கோளாறு வந்துவிட்டால் அவசரப்பட்டு வெளியில் இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். பிரித்த பிறகு எதையும் நிரூபிப்பது கடினம். உங்கள் முன்னிலையில் பிரிக்கச் சொல்லுங்கள், படம் எடுங்கள், வடித்த ஆயிலில் கொஞ்சம் சுத்தமான பாட்டிலில் வாங்கி வையுங்கள். வாரன்ட்டியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். டீலருக்கும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிய பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆய்வு தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்.

ஆட்டோ ஓட்டுநர்களும் உணவு டெலிவரி செய்பவர்களும் "நாங்கள் தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் இல்லையாம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே தனக்கென வண்டி வாங்கியவரையும் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போகும் இவர்கள்தான் இந்த உரிமையை முதலில் பயன்படுத்த வேண்டும்.

இன்று மாலையே கையேட்டை எடுத்து, ஆயில் விவரம் உள்ள பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த சர்வீஸில் ஜாப் கார்டு எழுதும்போது அந்தப் படத்தைக் காட்டி, அதில் உள்ள கிரேடையே எழுதச் சொல்லுங்கள்.