கணக்குத் தொழிலுக்கு ஒரு குரு வேண்டும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அளப்பதும் நிறுப்பதும் எழுதி வைப்பதும் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. விடியுமுன் பெரட்டில் பேர் கூப்பிடுவதில் தொடங்கி, பால் நிறுக்கும் இடத்தில் தராசு பார்ப்பது வரையில், நம் வாழ்க்கையே கணக்கில்தான் ஓடியது. ஆனால் பேனா மட்டும் நம் கையில் இருந்ததில்லை. அது கிராணியார் கையில் இருந்தது. செக்ரோலில் அவர் எழுதியதுதான் கூலி. அரைப்பேர் என்று எழுதினால் அரைப்பேர்தான். அதைப் படித்துப் பார்த்து, “ஐயா, இது சரியில்லையே” என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருந்தார்கள்?

இன்று மேரு, காப்பார் பக்கத்துக் கித்தாத் தோட்டங்களில் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் எஸ்.பி.எம். வரை படிக்கிறார்கள். முடிவு வந்ததும் வீட்டில் பழைய கேள்விதான் எழுகிறது: “வேலைக்குப் போகிறாயா, படிக்கப் போகிறாயா?” கையில் காசில்லாத தகப்பன் வேலை என்கிறார். கண்ணில் கனவுள்ள தாய் படிப்பு என்கிறாள். பிள்ளை நடுவில் நிற்கிறது.

இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்யக்கூடிய தொழில்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று கணக்காளர் தொழில். இதில் வேலை என்பது படிப்புக்கு இடைஞ்சல் அல்ல. அது படிப்பின் ஒரு பகுதி. அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்யாமல், வெறும் புத்தகத்தைப் படித்து யாரும் முழுக் கணக்காளராக முடியாது. சட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

கிட்டங்கியில் ஒரு கல்லூரி

இது வெள்ளைக்காரனிடமிருந்து மட்டும் வந்த வழக்கமல்ல. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். வட்டித் தொழில் நடத்திய அந்த இடங்களே ஒருவகைக் கணக்குக் கல்லூரிகளாகவும் இருந்தன.

ஊரிலிருந்து வரும் சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேருவான். கூட்டுவது, தண்ணீர் எடுத்து வைப்பது, ஓலை கொண்டு போவது எல்லாம் அவன் வேலை. கூடவே பெரியவர்கள் கணக்கு எழுதுவதைப் பார்த்துக் கொண்டிருப்பான். பிறகு அடுத்தாள் ஆவான். அதன்பின் மேலாள். அன்றாட வரவு செலவு குறிப்பில் ஏறும். அங்கிருந்து பேரேட்டில் அவரவர் பேரில் பற்றாகவும் வரவாகவும் பிரியும். முடிவில் ஐந்தொகை எடுப்பார்கள். இன்றைய கணக்காளர் ‘பேலன்ஸ் ஷீட்’ என்று சொல்வது இந்த ஐந்தொகையைத்தான். ஐரோப்பாவில் இரட்டைப் பதிவு முறையை லூக்கா பச்சோலி என்ற துறவி 1494-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் நூலாக அச்சிட்டு வெளியிட்டார். நம்மவர்களோ அதைப் பையனின் கைப்பழக்கமாகவே கற்றுக் கொடுத்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கல்லூரி ஒரு சமூகத்துக்குள் அடங்கியது. லயத்துப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பெண் பிள்ளைக்கும் இடமில்லை. இன்றுள்ள வழி அப்படியல்ல. தேர்வு எழுதித் தேறி, பயிற்சியை முடித்தவர் யாராயினும் உள்ளே வரலாம். இந்த வழியில் பெண்களுக்கான கதவைத் திறந்தவர்களில் ஒரு தமிழ்ப் பெண்மணியும் உண்டு.

சிவபோகம் அம்மையார்

ஆர். சிவபோகம் 1907-ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னை இராணி மேரி கல்லூரியில் படித்தவர். சமூகத் தொண்டர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் செல்வாக்கு அவர்மேல் படிந்திருந்தது. சுதேசிப் போராட்டத்தில் இறங்கி, 1931-இல் சிறைத்தண்டனை பெற்று, ஓராண்டு வேலூர்ச் சிறையில் இருந்தார்.

சிறைக்குள் இருந்தபோதுதான் கணக்கியல் படிப்பது என்று அவர் முடிவு செய்தார். அந்நாளில் அதற்கு அரசாங்கக் கணக்கியல் டிப்ளோமா என்ற தேர்வு இருந்தது. வெளியே வந்து படித்து 1933-இல் தேறினார். சி.எஸ். சாஸ்திரி என்ற கணக்காய்வாளரிடம் பயிற்சி பெற்றார். ஓர் இளம்பெண்ணை, அதிலும் சிறைக்குப் போய் வந்தவரை, அந்தக் காலத்தில் காரியாலயத்தில் சேர்த்துக் கொண்டு தொழில் கற்றுக் கொடுக்க ஒருவர் முன்வந்தார் என்பதைக் கவனியுங்கள். அந்த மேசை கிடைத்திராவிட்டால் அம்மையாரின் தேர்ச்சி வெறும் காகிதமாக நின்றிருக்கும்.

அதன்பின்பும் தடை வந்தது. சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிந்து கொள்ள முடியாது என்ற விதி குறுக்கே நின்றது. அதை எதிர்த்து வாதாடி வென்றார். 1937-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். 1955 முதல் 1958 வரை அத்தொழிற்கழகத்தின் தென்னிந்திய வட்டார மன்றத்துக்குத் தலைமையும் வகித்தார். இறுதித் தேர்வில் சிறந்து விளங்கும் பெண்ணுக்கு அவர் பெயரால் ஒரு பரிசும் உண்டு. 1966-இல் அவர் மறைந்தார்.

அவர் வாழ்க்கையில் நம் பிள்ளைகள் பார்க்க வேண்டியது வரிசையை: முதலில் உறுதி, பிறகு தேர்வு, கூடவே கற்றுக் கொடுக்க ஒரு குரு, அதன் பின்னரே சொந்தப் பெயர்ப்பலகை.

நம் நாட்டில் வழி என்ன?

மலேசியாவில் 1967-ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டத்தின்படி எம்.ஐ.ஏ. எனப்படும் மலேசியக் கணக்காளர் கழகம் அமைந்தது. அதில் உறுப்பினராக இல்லாதவர் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக் கொண்டு தொழில் நடத்த முடியாது. உறுப்பினராவதற்கு அங்கீகரிக்கப்பட்ட படிப்பு வேண்டும். கூடவே மூன்றாண்டு வேலை அனுபவமும் வேண்டும்.

அந்த இடத்துக்குப் போகப் பல படிகள் உண்டு. எஸ்.பி.எம்.மில் கணக்கியல் பாடம் எடுத்தவர்கள் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் வழியாகப் பல்கலைக்கழகம் போகலாம். போலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கலாம். வேலைக்குப் போய்க் கொண்டே எல்.சி.சி.ஐ. கணக்குப்பதிவுத் தேர்வுகள் எழுதி மேலே வந்தவர்கள் முந்திய தலைமுறையில் ஏராளம். 1904-இல் லண்டனில் தோன்றிய ஏ.சி.சி.ஏ. கழகத்தின் தேர்வுகளை இங்கிருந்தே எழுதலாம். தாள்களில் தேறுவதோடு 36 மாத வேலை அனுபவத்தையும் காட்டினால்தான் அங்கே உறுப்பினர் ஆக முடியும். அந்த அனுபவத்தை மேற்பார்வையாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். 1958 முதல் நம் நாட்டில் இயங்கிவரும் எம்.ஐ.சி.பி.ஏ. கழகமும் ஒப்புதல் பெற்ற நிறுவனத்தில் பயிற்சி பெறச் சொல்கிறது.

மேருவிலிருந்து பஸ் ஏறிக் கிள்ளான்; அங்கிருந்து கொமியூட்டர் இரயிலில் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து கே.எல். சென்ட்ரல். இந்த வழித்தடத்தில் சிறிய கணக்காய்வுக் காரியாலயங்கள் பல உள்ளன. பெரிய நிறுவனத்தின் பெயர் சொன்னால் ஊரில் மதிப்புத்தான். ஆனால் தொடக்கக்காரருக்குச் சின்னக் காரியாலயமும் நல்ல பள்ளிக்கூடம். அங்கே ஒரே பிள்ளை மளிகைக் கடைக் கணக்கையும் லாரிக் கம்பெனிக் கணக்கையும் சங்கத்துக் கணக்கையும் பார்க்க நேரும்.

குரு கற்றுத் தருவது எது?

புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதலில் கிடைப்பது ஒரு பெட்டி நிறைய ரசீதுகள். அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, பதிவுகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அடுத்தது வங்கி அறிக்கை. கடைக்காரர் புத்தகத்தில் உள்ள மீதமும் வங்கி காட்டும் மீதமும் ஒன்றாக இராது. ஏன் இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். கொடுத்த காசோலை இன்னும் மாற்றப்படாமல் இருக்கலாம். வங்கி பிடித்த கட்டணம் பதியாமல் இருக்கலாம். ஆண்டு முடிவில் கிடங்குக்குப் போய்ச் சரக்கை எண்ண வேண்டும். தூசியும் வியர்வையும் உள்ள வேலைதான். தோட்டத்துப் பிள்ளைக்கு அது பெரிதல்ல.

இவற்றைப் புத்தகமும் சொல்லும். குரு சொல்லித் தருவது வேறு. பிள்ளை முடித்து வைத்த தாளை மூத்தவர் வாங்கிப் பார்த்து ஓரத்தில் கேள்விகள் எழுதுவார்: “இந்த ரசீதில் கையெழுத்து யாருடையது? போன மாதத்தைவிட எண்ணெய்ச் செலவு ஏன் கூடியது? யாரைக் கேட்டாய்?” அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதில்தான் தொழில் படிகிறது. எது சரியில்லை என்று மோப்பம் பிடிக்கும் பழக்கம், பெரிய முதலாளியிடமும் பணிவோடு விளக்கம் கேட்கும் துணிவு, பிறர் கணக்கை வெளியில் பேசாத நாவடக்கம் ஆகியவை ஆள் பார்த்து ஆள் கற்பவை. கூட்டல் கழித்தலை இன்று கணினி செய்துவிடும். கேள்வி கேட்க மனிதன் வேண்டும்.

நம் அரசாங்கம் 2024 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து மின்விலைப்பட்டியல் முறையைப் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைப்படுத்தி வருகிறது. கணக்கு எழுதும் விதமே மாறி வருகிறது. புதிய முறையை இளையவர் கற்று மூத்தவருக்குச் சொல்லலாம். தொழிலின் நெளிவு சுளிவை மூத்தவர் இளையவருக்குச் சொல்லலாம். கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் உண்டு.

சேருமுன் கேட்க வேண்டியவை

எல்லா மேலதிகாரியும் குரு ஆகிவிட மாட்டார். மூன்றாண்டு போட்டோஸ்டேட் எடுத்ததும் பைல் கட்டியதும்தான் மிச்சம் என்று வருந்தும் பிள்ளைகளும் உண்டு. ஆகையால் சேரும்போதே மரியாதையாகச் சில கேள்விகள் கேட்கலாம். “ஐயா, இங்கே பெறும் அனுபவத்தை நான் தேர்வெழுதும் கழகம் ஏற்றுக் கொள்ளுமா? என் வேலையைப் பார்த்துக் கையெழுத்திடுபவர் யார்? தேர்வு நாட்களில் விடுமுறை உண்டா?” இப்படிக் கேட்பது துடுக்கல்ல. நல்ல காரியாலயம் இதற்குக் கோபிக்காது.

கல்லூரியில் சேருமுன்னும் அப்படியே. விளம்பரத்தையும் முகவரின் பேச்சையும் மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்.கியூ.ஏ.யின் அங்கீகாரம் பெற்றதா, எம்.ஐ.ஏ. ஏற்குமா என்று பாருங்கள். பணத்துக்கு பி.டி.பி.டி.என். கடன் உண்டு, 1984-இல் தோன்றிய எம்.ஐ.இ.டி. கல்வி நிறுவனமும் நம் மாணவர்களுக்கு உதவி வருகிறது. கடன் திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதையும் கணக்குப் படிக்கும் பிள்ளை மறக்கக்கூடாது.

ஏன் நமக்கு இது அவசரம்?

நல்ல சம்பளம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. நம் மக்கள் கூட்டாகப் பணம் போட்டுப் பார்த்தவர்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகளின் சிறு சேமிப்பே தோட்டங்களை வாங்கியது. அது பெருமைப்படத்தக்க வரலாறு.

இன்னொரு வரலாறும் உண்டு. 1982-இல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் ஏறக்குறைய 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். திரண்ட தொகை சுமார் 10 கோடியே 60 இலட்சம் வெள்ளி. நகையை அடகு வைத்துப் பணம் போட்டவர்களும் இருந்தார்கள். 2010-இல் அந்தப் பங்குகள் ஒன்றுக்கு 80 காசு விலையில் வாங்கிக் கொள்ளப்பட்டன. போட்டதோ ஒரு வெள்ளி. இடையில் கழிந்ததோ 28 ஆண்டு. அந்த ஆண்டுகளில் ஆண்டறிக்கை என்று ஒன்று வந்தபோது, அதைப் பிரித்துப் படித்து, “இந்த இலக்கம் என்ன சொல்கிறது?” என்று விளக்க ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பிள்ளை இருந்திருந்தால், நம் மக்கள் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டிருக்கும் கேள்விகளே வேறாக இருந்திருக்கும்.

பெற்றோரே! இதற்குப் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வரும் சம்பள நாளன்று உங்கள் சம்பளச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். 1,700 வெள்ளி சம்பளத்துக்கு ஊழியர் சேமநிதியில் தொழிலாளியிடம் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடிக்கிறார்கள். முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, 221 வெள்ளி போட வேண்டும். சீட்டில் உள்ளதும் சேமநிதி அறிக்கையில் ஏறியதும் ஒத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒத்திருந்தால் நிம்மதி. ஒத்திராவிட்டால் ஏன் என்று பிள்ளை கேட்கட்டும். கணக்காளர் தொழிலின் முதல் பாடம் அதுதான். அதற்கு முதல் குரு நீங்களாகவே இருக்கலாம்.