வெறும் வயல்வெளியில் சுழற்காற்று அடித்தால் ஆபத்து குறைவா?

இதுவரை பதிவான சுழற்காற்றுகளிலேயே மிக அகலமானது எவ்வளவு அகலம் தெரியுமா? 4.2 கிலோமீட்டர்! 2013 மே 31 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், எல் ரீனோ என்ற ஊரை ஒட்டி வீசியது. அதற்குள் மணிக்கு 470 கி.மீ.க்கும் மேலான வேகத்தை நடமாடும் ராடார்கள் பிடித்தன. ஆனால் அதற்குக் கிடைத்த மதிப்பெண்? உச்சம் 5 என்ற அளவுகோலில் வெறும் 3!

ஏன் தெரியுமா? அந்த அளவுகோல் காற்றை அளப்பதில்லை, காற்று உடைத்துப் போட்டதை வைத்துத்தான் வேகத்தைக் கணிக்கிறது. எல் ரீனோவை ஒட்டி அது கடந்தது பெரும்பாலும் வயல்வெளி. உடைய அங்கே அதிகம் எதுவும் இல்லை!

அமெரிக்காவின் சின்னஞ்சிறு கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) ஆபத்தைக் கணக்கிடும்போதும் இதே சங்கடம்தான். ஃபெமா என்ற மத்திய அவசரகால அமைப்பு ஒவ்வொரு கவுண்டிக்கும் 18 வகை இயற்கைச் சீற்றங்களை எடைபோடுகிறது. பனிச்சரிவு, ஆலங்கட்டி மழை, வறட்சி, காட்டுத்தீ, சுனாமி, எரிமலை... எதையும் விடவில்லை! வருடத்துக்குச் சராசரியாக எவ்வளவு நட்டம் வரும் என்று கட்டடம், பயிர், உயிர் மூன்றையும் டாலரில் கூட்டுகிறார்கள். ஆம், உயிரையும்! 2023-ல் வந்த பதிப்பில் ஓர் உயிரின் மதிப்பு 1 கோடியே 16 லட்சம் டாலர். ஏழைகள், முதியவர்கள், கார் இல்லாத குடும்பங்கள் அதிகமுள்ள இடமென்றால் ஆபத்து மதிப்பெண் ஏறும். மீண்டெழும் வசதி உள்ள இடமென்றால் இறங்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் ஆள் குறைந்த ஊரில் கூட்டுத்தொகையே சிறியது. அதனால் ஃபெமாவின் ஆபத்து வரைபடத்தில் அந்த ஊர் பத்திரமான இடமாகத் தெரிந்துவிடும்!

கேன்சஸ் மாநிலத்தின் கையோவா கவுண்டியைப் பாருங்கள். பரப்பு ஏறத்தாழ 1,870 சதுர கி.மீ. மக்களோ சுமார் 2,500 பேர்தான்! 2007 மே 4 இரவு, அதன் தலைநகரான கிரீன்ஸ்பர்க் மீது சுமார் 2.7 கி.மீ. அகலச் சுழற்காற்று ஏறியது. ஊரில் 95 சதவீதம் தரைமட்டம். முன்பு சொன்ன 5 வரையிலான அளவுகோலின் புதிய வடிவம் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதில் முதன்முதலாக 5 வாங்கிய சுழற்காற்று இதுதான். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை முன்கூட்டியே வந்ததால் ஏராளமானோர் நிலவறைகளில் பதுங்கித் தப்பினார்கள். அந்த நாசத்துக்கு நடுவே கான்கிரீட் தானியக் கிடங்கு அசையாமல் நின்றது!

ஊரைப் பசுமைக் கட்டடங்களோடு அழகாகத் திரும்பக் கட்டினார்கள். ஆனாலும் சுமார் 1,400 பேர் இருந்த ஊரில் 2010 கணக்கெடுப்பின்போது எஞ்சியவர்கள் 777 பேர். நாட்டின் கணக்கில் சிறு தொகைதான். அந்தக் கவுண்டிக்கோ அதுதான் எல்லாமே.

இன்னொன்று. ‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! எந்த ஒரு வருடத்திலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு. 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் வெள்ளம் வாசலுக்கு வர 26 சதவீத வாய்ப்பு! நூறு வருடங்கள் ஓடினாலும் வராமலே போக 37 சதவீத வாய்ப்பு. கையளவு பதிவேடுகளே உள்ள சிறிய கவுண்டியில், “எங்கள் காலத்தில் வந்ததே இல்லை” என்ற பேச்சை நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

இத்தகைய ஆபத்துகளுக்கு முன்னேற்பாடு செய்வது லாபம்தான்: அதற்கு மத்திய அரசு மானியமாகத் தரும் ஒவ்வொரு டாலரும் பிற்கால நட்டத்தில் 6 டாலரை மிச்சப்படுத்துகிறது என்று அந்நாட்டின் தேசியக் கட்டட அறிவியல் நிறுவனம் 2017-ல் கணக்குப் போட்டுக் காட்டியது. ஒன்றுக்கு ஆறு!

ஆகவே, ‘ஆபத்து குறைவு’ என்று வண்ணமிட்ட வரைபடம் கண்ணில் பட்டால், அங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதையும் அவசியம் பாருங்கள்!