கோப்பின் மேல் ஒட்டிய சீட்டு

நடுவில் 'ஒளி' என்று எழுதி, எதிரொளிப்பு, ஒளிவிலகல் என்று கிளைகள் பிரித்துப் பாடத்தைப் படமாக்கியிருப்பீர்களே, அதுதான் மனவரைபடம். கணிப்பொறியில் அதை வரைய ஃப்ரீமைண்ட் என்றொரு மென்பொருள் உண்டு. அந்தக் கோப்பை இணையத்தில் வைத்தால், திறக்கும் நண்பனுக்குச் சில வேளைகளில் படம் வராது. எழுத்துக் குவியல்தான் வரும். ஏன்?

கோப்பு கெட்டுவிடவில்லை. அது எக்ஸ்எம்எல் முறையில் எழுதிய வெறும் எழுத்துகளே. வழங்கும் கணிப்பொறி, கோப்புடன் ஒரு சீட்டும் அனுப்புகிறது. அதுவே 'மைம்' வகை; மின்னஞ்சலுக்காக 1992-இல் போரன்ஸ்டைனும் ஃப்ரீடும் வகுத்தது. சீட்டில் 'டெக்ஸ்ட்/பிளெயின்' என்றிருந்தால் உலவி எழுத்தையே காட்டும். 'அப்ளிகேஷன்/எக்ஸ்-ஃப்ரீமைண்ட்' என்றிருந்தால், உரிய மென்பொருளிடம் ஒப்படைக்க வழியுண்டு.

பெயரின் வாலைப் பார்த்தால் போதாதா என்பீர்கள். ஃப்ரீமைண்டின் 'எம்எம்' என்ற வாலையே அப்ஜெக்டிவ்-சி++ நிரல்களும் வைத்துக்கொண்டிருக்கின்றனவே!

எக்ஸ்மைண்ட் என்ற மற்றொரு மென்பொருளின் கோப்போ, ஜிப் முறையில் கட்டிய பொட்டலம். எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள்: புரியாத குறிகளுக்கு முன்னால் 'பிகே' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஜிப்பை உருவாக்கிய ஃபில் கட்ஸின் தலைப்பெழுத்துகள் அவை.