ஒப்புக்கொடுத்த பின்னும் மருந்து எதற்கு?

பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நோயாளிகளிடம் நாங்கள் இரு வகையான மனநிலையைக் காண்கிறோம். சிலர், எல்லாவற்றையும் தேவனிடம் ஒப்புக்கொடுத்தபின் மருந்து எதற்கு என்று கேட்கின்றனர். வேறு சிலர், குறிப்பாக உடனிருந்து கவனிப்போர், இரவெல்லாம் விழித்திருந்து, சர்க்கரை அளவு சற்றே கூடினாலும் தம் கவனக்குறைவே காரணமென்று தம்மையே நொந்துகொள்கின்றனர். இவ்விரு சாராருக்கும் ஆறுதலோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

கெத்செமனே தோட்டத்தில் இயேசு, தமக்கு வரவிருந்த பாடு நீங்குமாறு முதலில் வெளிப்படையாக வேண்டினார். அதன் பின்னரே பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். ஆகவே, அச்சத்தையும் விருப்பத்தையும் மறைப்பது விசுவாசம் ஆகாது. அப்போஸ்தலனாகிய பவுலும் தம் உடலின் முள் நீங்க மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, தாங்கும் கிருபை கிடைத்தது. அவருடைய உடன் ஊழியரான லூக்கா ஒரு வைத்தியர் என்பதும் நினைக்கத்தக்கது.

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ், 1954இல் நிகழ்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். அது திரும்பவில்லை. எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1963இல் அதே நிறுவனத்தில் அத்துறையின் பொறுப்பை ஏற்றார். நடக்க இயலாமையை ஏற்றுக்கொண்டவர், கைகளால் இயன்ற பணியை விட்டுவிடவில்லை.

மருந்தை வேளை தவறாமல் உட்கொள்வதும், டயாலிசிஸ் நாளைத் தவறவிடாதிருப்பதும், ஐயங்களைக் கேட்டறிவதும் நம் கையில் உள்ளவை. உடல் எவ்வளவு விரைவில் தேறும், முடிவு எவ்வாறு வரும் என்பவை நம் கையில் இல்லாதவை. அவற்றையே தேவனிடம் விட்டுவிட வேண்டும்.

ஆகையால், ஜெபித்தபின் மனம் தெளிந்தாலும் மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தையும் ஸ்டீராய்டையும் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். உபவாசம் இருக்க விரும்பினால் முன்னரே எங்களிடம் தெரிவியுங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அபாயகரமாகக் குறையும். வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள்.

உடனிருப்போர் முறைவைத்து உறங்குங்கள். இரவில் எழும் கேள்விகளைத் தாளில் எழுதிவைத்து, காலையில் மருத்துவரிடம் கேளுங்கள். எழுதியபின் ஜெபித்துக் கண்ணயருங்கள். நீங்கள் உறங்குவதால் நோயாளி கைவிடப்படுவதில்லை.

மருத்துவர்களாகிய எங்களுக்கும் இதுவே நிலை. புண்ணைத் தூய்மை செய்து கட்டுவது எங்கள் வேலை. உள்ளே புதிய தசை வளர்வதற்கு நாங்களும் உங்களோடு காத்திருக்கிறோம்.