வரப்பை உடைப்பதே முதல் பாவம்

‘ஜப்பானிலும் பொங்கல் உண்டாமே! அப்படியானால் அவர்களும் ஒரு காலத்தில் நம்மவர்கள்தானா?’ மணலி புதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கும் கேள்வி இது. பொன்னேரி நெடுஞ்சாலையில் ஜப்பானின் தோஷிபா பெயர் தாங்கிய சுழலி ஆலையைத் தாண்டித்தான் அந்தப் பக்கத்து மக்கள் வேலைக்குப் போய்வருகிறார்கள். அங்கிருந்து இப்படி ஒரு சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. கேள்வி-பதில் பக்கத்தில் நாலு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே விரிவாகவே பார்க்கலாம்.

கேள்விக்கு ஆதாரம் உண்டு. ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ (1919-2008) தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதி வந்தார். இங்கே பேராசிரியர் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியரும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். ஓனோ எடுத்துக்காட்டிய சொற்களில் பல வயலைச் சேர்ந்தவை. நெல் வயலுக்கு அவர்கள் சொல்லும் ‘தம்போ’வைத் தமிழின் ‘தம்பல்’ என்ற சொல்லோடும், நடவுக்கு உழுது கலக்கிய நிலத்தைக் குறிக்கும் ‘ஷிரோ’வைச் ‘சேறு’ என்பதோடும் அவர் பொருத்தினார்.

அடுத்தது பண்டிகை. ஜனவரி 15-ஆம் தேதியை ஜப்பானியர்கள் ‘கோஷோகட்சு’, அதாவது சிறிய புத்தாண்டு என்பார்கள். அன்று அரிசியோடு சிவப்புப் பயறு சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். அந்தப் பயறு நம் உளுந்து, தட்டைப்பயறு இனத்தைச் சேர்ந்ததுதான். வட ஜப்பானில் சில ஊர்களில் அப்போது ‘ஹொங்கா ஹொங்கா’ என்று கூவுவது உண்டு. இதைத்தான் ‘பொங்கலோ பொங்கல்’ என்பதோடு ஓனோ ஒப்பிட்டார். புத்தாண்டை ஒட்டிக் காக்கைக்குச் சோறு வைப்பதும் அங்கே உண்டு. சில வட்டாரங்களில் மூன்று அரிசி உருண்டைகளை வைப்பார்கள். ஒன்று குறுகிய கால நெல்லுக்கு, ஒன்று மத்திய காலத்துக்கு, ஒன்று நீண்ட காலத்துக்கு. காக்கை எதை முதலில் கொத்துகிறதோ அந்த ரகத்தைத்தான் அந்த ஆண்டு விதைப்பார்கள். வேளாண் அலுவலகத்துக்கு வருகிற விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வியும் இதுதானே?

இன்னொரு வழக்கமும் சுவையானது. அதே ஜனவரி 15 அன்று இரண்டு பேர் பழமரத்தடிக்குப் போவார்கள். ஒருவர் மரத்தில் கோடாரியை லேசாகப் போட்டு, ‘காய்ப்பாயா, மாட்டாயா?’ என்று மிரட்டுவார். மற்றவர் மரத்தின் சார்பில், ‘காய்க்கிறேன், காய்க்கிறேன்’ என்பார். பிறகு வெட்டுப்பட்ட இடத்தில் கஞ்சியைத் தடவிவிட்டு வருவார்கள். நம் ஊரில் காய்க்காத மரத்தில் செருப்பும் துடைப்பமும் கட்டுகிற கதைதான். பட்டையில் படும் காயம் இலையில் உண்டான சத்து வேருக்கு இறங்குவதைச் சற்றுத் தடுக்கும், அதனால் பூ பிடிக்க வாய்ப்புண்டு என்பது உண்மை. அதற்காக யாரும் கோடாரியைத் தூக்கிவிட வேண்டாம்.

சரி, உறவுதானா? மொழி ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் ஓனோவின் முடிவை ஏற்கவில்லை. விவசாயியின் கண்ணால் பார்த்தாலும் இரண்டு இடங்களில் அது தடுக்குகிறது. முதலாவது தேதி. ஜப்பானியர்களின் சிறிய புத்தாண்டு உண்மையில் சந்திரக் கணக்கில் முதல் மாதத்துப் பௌர்ணமி. 1873-இல் ஜப்பான் ஆங்கில நாட்காட்டிக்கு மாறிய பிறகே அது ஜனவரி 15 ஆயிற்று. நம் தை முதல் நாளும் ஒரே தேதியில் நிற்பதில்லை. ஆங்கிலத் தேதியோடு ஒப்பிட்டால் எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் அது டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வந்திருக்கும். எனவே இரண்டு பண்டிகையும் ஒரே நாளில் வருவது அண்மைக்கால நிகழ்ச்சி.

இரண்டாவது விதை. ஜப்பானின் நெல் குட்டையான, உருண்டையான, வெந்தால் ஒட்டிக்கொள்ளும் ‘ஜப்பானிகா’ வகை. சீனத்தின் யாங்சி ஆற்றுப் பகுதியில் பயிராகி, கொரியா வழியாக அங்கே போனது. நாம் காலங்காலமாக விளைவிப்பது பெரும்பாலும் ‘இண்டிகா’. தமிழர்கள் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் நம் விதைதான் போயிருக்கும்.

உறவு இல்லாவிட்டாலும் ஒற்றுமை பொய்யில்லை. சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவனுக்கு எந்த நாட்டிலும் கவலைகள் ஒன்றுதான். தண்ணீர் வருமா, வரப்பு நிற்குமா, எலி தின்றது போக மிஞ்சுமா, கடன்காரனுக்குக் கொடுத்தது போக விதைக்கு மிஞ்சுமா என்ற கவலைகள் அவை. பழைய ஜப்பானில் கோயிலும் அரசும் சட்டமும் இந்தக் கவலைகளின் மேல்தான் எழுந்தன.

ஆலைக்குத் தோண்டிய இடத்தில் வயல்

ஜப்பானில் நெல் சாகுபடி வடக்குக் கியூஷு தீவில் தொடங்கியது. இன்றைய ஆய்வுகள் அதன் காலத்தைக் கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 900 ஆண்டுகள் முன்னால் கொண்டுபோகின்றன. ஃபுகுவோகா நகரில் இதாசுகே என்னும் இடத்தில் வரப்பு, வாய்க்கால், தண்ணீர் தடுக்கும் மரத்தடுப்பு ஆகியவற்றோடு சேற்றில் நடந்தவர்களின் காலடித் தடங்களும் கிடைத்தன.

இதைவிட மணலிக்காரர்களுக்கு நெருக்கமாகத் தோன்றக்கூடியது ஷிசுவோகா நகரின் தோரோ. மணலியில் ஏரிப்பாசன நிலங்கள் இருந்த பக்கத்தில் 1960-களில் ஆலைகள் எழுந்தன. அவற்றில் ஒன்றிலிருந்துதான் இன்றும் நம் வயலுக்கு ‘விஜய்’ யூரியா மூட்டை வருகிறது. தோரோவில் நடந்தது தலைகீழ். 1943-இல் போர்த் தளவாட ஆலை கட்ட மண்ணைத் தோண்டினார்கள். கீழே சுமார் 1,900 ஆண்டுப் பழைய நெல் வயல்கள் கிடந்தன. வரப்பு சரியாமல் இருக்கப் பக்கவாட்டில் பலகைகளை நட்டு வைத்திருந்தார்கள். கால் புதையும் வயலில் இறங்குவதற்கான மரச் செருப்பும், மர மண்வெட்டியும் அங்கே கிடைத்தன. கால்கள் மேல் நிற்கும் நெற்களஞ்சியம் ஒன்றின் மரத்துண்டுகளும் கிடைத்தன. ஒவ்வொரு காலின் உச்சியிலும் அகலமான பலகை செருகியிருந்தது. எலி ஏறினால் அந்தப் பலகையில் முட்டித் திரும்ப வேண்டியதுதான். தென்னையில் நாம் தகரம் சுற்றுவதும் அதே கணக்குத்தான்.

அந்தக் களஞ்சியத்தின் வடிவம்தான் பிறகு கோயிலாயிற்று. சூரிய தேவி அமதெராசு குடியிருக்கும் இசே கோயிலைப் பாருங்கள். தரையிலிருந்து உயர்ந்த மரக் கட்டடம், புல் வேய்ந்த கூரை; கிட்டத்தட்ட நெல் வைக்கும் வீடு. 20 ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013-இல் கட்டியது 62-ஆவது முறை.

வயலும் தெய்வமும்

வயல் தெய்வத்தை அவர்கள் ‘தா நோ காமி’ என்பார்கள். வசந்தத்தில் அது மலையிலிருந்து இறங்கி வயலுக்கு வரும். அறுவடை முடிந்ததும் மலையேறிவிடும். நெல்லுக்குரிய இனாரி தெய்வத்துக்கு நரிதான் தூதர். நரி எலியைப் பிடிப்பதால் அந்த மரியாதை என்று விளக்கம் சொல்வோரும் உண்டு. 712-இல் எழுதி முடித்த ‘கோஜிகி’ என்ற நூலில் குயெபிகோ என்று ஒரு தெய்வம் வருகிறது. அது வயலில் நிற்கும் வைக்கோல் பொம்மை. நடக்க முடியாது, ஆனால் உலகத்தில் நடப்பதெல்லாம் அதற்குத் தெரியும். வெயிலிலும் மழையிலும் ஒரே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பவனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது!

அதே நூலில் உள்ள கதை இது: சூரிய தேவியின் தம்பி சுசனோவோ முரடன். அக்காளின் நெல் வயலில் புகுந்து வரப்பை உடைத்தான், வாய்க்காலைத் தூர்த்தான். அட்டூழியம் பொறுக்காமல் அவள் குகைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டாள். உலகமே இருண்டுபோயிற்று.

இது கதையோடு நிற்கவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, ஆறாம் மாதக் கடைசியிலும் பன்னிரண்டாம் மாதக் கடைசியிலும், நாட்டின் பாவங்களைக் கழிக்க ஒரு சடங்கு நடக்கும். அதில் ஓதிய வாசகம் 927-இல் தொகுத்த ‘எங்கிஷிகி’யில் இருக்கிறது. அதன் பாவப் பட்டியலில் முதலில் வருவது வரப்பை உடைப்பது. அடுத்தது வாய்க்காலைத் தூர்ப்பது. பிறகு மடையைத் திறந்து தண்ணீரை வீணாக்குவது, ஒருவர் விதைத்த வயலில் மேல்விதைப்பு விதைப்பது, அடுத்தவர் வயலில் குச்சி நடுவது. ஆளை வெட்டுவதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

வாய்க்கால் தூர்ந்தால் என்ன ஆகும் என்று மணலி புதுநகருக்கு ஜப்பானியர்கள் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2015, 2023 டிசம்பர்களில் கொசஸ்தலையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்து நின்றதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

விதைநெல்லுக்கு அரைவாசி வட்டி

தெய்வம் வரப்பைக் காத்தது. வரப்புக்குள் நின்றவனை அரசு எப்படி நடத்தியது என்பது வேறு கதை. 701-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் அரசு நிலம் கொடுத்தது. ஆணுக்கு இன்றைய அளவில் சுமார் 59 சென்ட், பெண்ணுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. ஆறு ஆண்டுக்கு ஒரு முறை கணக்கெடுத்துப் பங்கிட்டார்கள். இறந்தவர் நிலம் அரசுக்குத் திரும்பும். பெண்ணின் பெயரிலும் நிலம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான்.

நெல்லாகக் கட்ட வேண்டிய வரி விளைச்சலில் மூன்று சதவீதம் அளவே. கேட்க நன்றாக இருக்கிறது. அதோடு துணியாகவும், ஊரில் கிடைக்கும் பொருளாகவும் தனி வரிகள் இருந்தன. அவற்றைத் தலைநகர் நாராவுக்குச் சுமந்து சேர்க்க வேண்டியதும் குடியானவன்தான். திரும்பும் வழியில் சோறில்லாமல் செத்தவர்களைப் பற்றி அரசின் பதிவிலேயே குறிப்பு உண்டு. இதற்கு மேல் ஆண்டுக்கு 60 நாள் வரை கூலியில்லா வேலை. படைக்கும் ஆள் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கசந்தது விதைநெல் கடன். வசந்தத்தில் அரசுக் களஞ்சியம் நெல் கடனாகக் கொடுக்கும். அறுவடையில் நூற்றுக்கு நூற்றைம்பதாகத் திருப்ப வேண்டும். தனியாரிடம் வாங்கினால் நூற்றுக்கு இருநூறு வரை. பஞ்சத்தில் கைகொடுக்க வந்த ஏற்பாடு, நாளடைவில் வேண்டாம் என்றாலும் வாங்கியே தீர வேண்டிய கடனாகி, இன்னொரு வரி போலவே ஆயிற்று. மாகாண ஆளுநராக இருந்த யமனொவே நோ ஒகுரா என்ற கவிஞர், கசையோடு வாசலில் வந்து நிற்கும் ஊர்த்தலைவனைப் பற்றிப் பாடியிருக்கிறார். வரி வாங்கும் பக்கத்தில் இருந்தவர் பாடியது என்பதுதான் அதன் கனம். மக்கள் பொறுக்க முடியாமல் நிலத்தை விட்டு ஓடினார்கள். கடைசியில் 743-இல், தரிசைத் திருத்துகிறவருக்கே நிலம் நிரந்தரச் சொந்தம் என்று சட்டம் போட்டார்கள். ஆள்பலம் உள்ள கோயில்களும் பிரபுக்களும்தான் அதில் பெரும் பயன் அடைந்தார்கள்.

நெல் இப்படிப் போனபின் குடியானவன் வீட்டில் என்ன வெந்தது? ‘அவா’, ‘கிபி’, ‘ஹியே’. பெயர்தான் புதிது; அவா நம் தினையேதான், கிபி பனிவரகு, ஹியே நம் குதிரைவாலிக்குச் சகோதரப் பயிர். இவற்றோடு கீரை, உப்பு, கடற்பாசி, கிடைத்தால் மீன். இறைச்சிக்கு 675-இல் தென்மு அரசர் ஒரு தடை போட்டார்: நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்னக்கூடாது. புத்த சமயம் பரவிய காலம்தான். ஆனால் தடை போட்ட மாதங்களைப் பாருங்கள், அப்படியே நெல் பருவம்!

715-இல் அரசி கென்ஷோ போட்ட ஆணை இன்றைய வேளாண் துறைச் சுற்றறிக்கை போலவே இருக்கிறது. நெல்லை மட்டும் நம்பாதீர்கள், மழை பொய்த்தால் தவிப்பீர்கள், மேட்டு நிலத்தில் கோதுமை, பார்லி வகைகளும் தினையும் விதையுங்கள் என்பது அதன் சாரம். வரிக்கு நெல்லுக்குப் பதில் தினை கொடுத்தாலும் ஏற்கச் சொன்னார். பயிரை மாற்றச் சொல்பவர் கொள்முதலுக்கும் வழி சொன்னாரே, அது பெரிது.

நடவு பெண்கள் வேலை. வரிசையாக நின்று பாடிக்கொண்டே நடுவார்கள்; ஒரு வீட்டு நடவுக்கு மறுவீட்டார் வருவது நம் மாற்றாள் முறையேதான். ஹிரோஷிமா பகுதியின் மிபு ஊரில் மாட்டுக்கு அலங்காரம் செய்து, மேளம் தட்டி, பாட்டோடு நடும் விழா இன்றும் நடக்கிறது. 2011-இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலில் சேர்த்தது. சுமார் 1,000-ஆம் ஆண்டில் அரண்மனைப் பெண் எழுத்தாளர் செய் ஷோனகோன் வழியில் ஒரு நடவைப் பார்த்திருக்கிறார். தட்டு போலத் தொப்பி போட்ட பெண்கள் குனிந்து நிமிர்ந்து பின்பக்கமாகவே நடக்கிறார்களே, என்னதான் செய்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. அந்தச் சோற்றில் வளர்ந்தவர் அவர்!

இன்றைய அரசர்கள் பரவாயில்லை. 1927 முதல் ஜப்பானியப் பேரரசர்கள் அரண்மனைக்குள் ஒரு சிறு வயலில் தாமே நடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் புது நெல்லைத் தெய்வத்துக்குப் படைத்துத் தாமும் உண்ணும் பழஞ்சடங்கு நவம்பர் 23-இல் நடக்கிறது. நம் ஊரில் புதிர் எடுப்பதற்கு ஈடானது அது.

மணலி புதுநகர் வாசகருக்கு ஒரு செய்தி பாக்கி. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஜப்பானிய ஊர்களின் ஈரமண்ணில் சிறு மரத்துண்டுகள் கிடைத்திருக்கின்றன. விதைநெல் மூட்டையில் கட்டிய சீட்டுகள் அவை. மையால் ரகத்தின் பெயர் எழுதியிருக்கிறது. ஒன்றின் பெயர் ‘அசேகோஷி’. ‘வரப்பு தாண்டி’ என்று பொருள். முந்திவரும் ரகம், பிந்திவரும் ரகம் கலந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. இந்தப் பருவத்தில் சொந்த விதை எடுத்து வைப்பவர்கள் ரகத்தின் பெயரையும் அறுவடைத் தேதியையும் எழுதி மூட்டைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு வைக்கவும். உள்ளே வைப்பதைப் பென்சிலால் எழுதினால் ஈரத்தில் அழியாது.